தறி நின்ற மத்தியானம்

“…போயிடுச்சுன்னுதான் சார் அர்த்தம். சத்தம் நின்னா ஆளு இல்ல, அவ்ளோதான. இதுக்குப் போயி இன்னும் எவ்ளோ நேரம் கப்பல சும்மா ஓட்டிகினு இருக்கறது?”

சீஃப் இதைச் சொன்னது வங்காள விரிகுடாவில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலின் கருவி அறையிலிருந்து. நான் கேட்டது ஆரணியில், எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு காதில் கடலையும் மறு காதில் அவரையும் வைத்துக்கொண்டு. என் உள்ளங்கை இரண்டும் வேர்த்திருந்தன. அவருக்கும் வேர்த்திருக்கும். ஏசி அறையில் இருந்ததால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கருவிகளைச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். எந்தப் பொத்தான், எந்த வரைபடம், எந்த விதி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். நான் அதற்குள் போகவில்லை. பயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஏறிய எல்லாக் கப்பலிலும் என்னோடு கூடவே ஏறியது அது ஒன்றுதான். ஓய்வு பெற்ற பிறகும் அது என் வீட்டு மாடியிலேயேதான் இருக்கிறது. மழை பெய்தால் எழுந்து நடமாடும்.

இந்தத் தொழிலை அறியாத யாராவது உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. கடலுக்கு அடியில் பாறை எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்க்கும் கப்பல்கள், காற்றுத் துப்பாக்கிகளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். அழுத்திவைத்த காற்றைச் சட்டென்று திறந்துவிடும். அந்த வெடி கடலடி மண்ணில் மோதித் திரும்புவதை வைத்துப் படம் வரைவார்கள். கப்பலில் இருக்கும் நமக்கு அது யாரோ தகரத்தைக் குத்துகிற மாதிரி ஒரு ‘டொம்’. கீழே, பக்கத்தில், காதாலேயே வழி பார்த்து, காதாலேயே இரை தேடி, காதாலேயே குட்டியைத் தேடிப் போகும் ஒரு பிராணிக்கு அது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது பக்கத்தில் இருக்கும்போது துப்பாக்கி வெடிக்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. மேல்தளத்தில் நின்று கண்ணால் பார்ப்பவர் ஒருவர். தண்ணீருக்குள் விட்ட மைக்குகள் வழியாகக் காதால் கேட்பவர் ஒருவர். சொன்னால் இவ்வளவுதான் வேலை.

நான் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கப்பலில் சாமான் அறைக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். வேடிக்கை பார்த்துப் பார்த்துப் பார்வையாளன் ஆனேன். கேட்டுக் கேட்டுக் காது வேலைக்கு வந்தேன். எனக்குப் பாடப் புத்தகம் என்று ஏதாவது இருந்தால் அது மனிதர்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தைகள்தான். அதையெல்லாம் ஆடு மாதிரி முதலில் விழுங்கிவைத்துக்கொள்வேன். பயம் வரும்போது எடுத்து மென்றுகொண்டிருப்பேன்.

அப்படி ஒரு வார்த்தை, என் முதல் கப்பலில் எனக்கு மேலே இருந்த ஒரு அம்மாவுடையது. கொல்லத்துக்காரர், குட்டையான ஆள், தொப்பியைக் கயிற்றால் தாடையில் கட்டியிருப்பார். ஒருநாள் காலையில் கடல் முழுக்கப் பனி. கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் “கிளியரா?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என் கையிலிருந்த வயர்லெஸ்ஸைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

“என்ன சொல்லப் போற?”

“ஒண்ணும் இல்லைன்னு, மேடம்.”

“ஒண்ணும் இல்லையா, ஒண்ணும் தெரியலையா?”

நான் கடல் பக்கம் திரும்பினேன்.

“ஒண்ணும் இல்லைன்னு கடல்தான் சொல்லணும். நீ சொல்லக்கூடியது, தெரியுது, தெரியல, அவ்வளவுதான். அதுக்கு மேல பேசாத. சம்பளம் அவ்வளவுக்குத்தான்.”

இதைச் சொல்லிவிட்டுத் தொப்பிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி பனியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. இத்தனை அனுபவம் உள்ளவரே பயப்படுகிறாரே என்று அன்று எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. போகப் போகத்தான் புரிந்தது, பயம் விட்டுப்போனவர்களோடு அந்தத் தளத்தில் நிற்பதுதான் ஆபத்து என்று.

இனி சீஃப். சர்வேக் குழுவின் தலைவரைக் கப்பலில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எப்போது துப்பாக்கியைத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று கடைசி வார்த்தை அவருடையது. நாம் சொல்லலாம், அவர்தான் செய்ய வேண்டும். இந்தச் சீஃப் கலசப்பாக்கத்துக்காரர். படிப்பெல்லாம் ஆரணியில், அத்தை வீட்டில் தங்கி. கப்பலில் ஊர்க்காரன் ஒருவன் அகப்பட்டால் விடுவாரா? என்னைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

நாங்கள் இந்தப் பக்கத்துப் பழைய ஜைனக் குடும்பம், எங்களை நைனார் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது வீட்டுப் பழக்கம், கப்பலிலும் அதை விடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நான் மட்டும் தனியாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சீஃப் டீயோடு வந்து எதிரே உட்காருவார்.

“இன்னா நைனாரே, இன்னிக்கு எத்தினி உசுர காப்பாத்துனீங்க?”

“ஒரு டால்ஃபின் கூட்டம், சீஃப்.”

“டால்ஃபினு ஓகே. பட்டுப்புழு? ஊரே புழுவ வேகவச்சி பொடவ நெய்ஞ்சிகினு இருக்குது. அந்த ஊர்ல பொறந்துட்டு இங்க வந்து கப்பல நிறுத்தறீங்க. நாயமா இது?”

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. புழுவைப் பற்றி என்னிடம் பதில் கிடையாது, இன்றுவரை கிடையாது. அதைவிட மோசமான ஒரு கேள்வி அதற்குள் ஒளிந்திருந்தது. நான் நிறுத்தச் சொல்லும்போது, தெரிந்துதான் சொல்கிறேனா, இல்லை உயிர் என்றால் பதறும் வீட்டில் வளர்ந்ததால் சொல்கிறேனா? மற்றவர்கள் அப்படி நினைப்பது இருக்கட்டும். எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வயர்லெஸ்ஸை எடுக்கும்போதும் அந்தக் கேள்வி என் விரலைப் பிடித்து இழுக்கும். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். மதமாக இருக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் பார்த்த ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அது என்னவென்று முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் அது உங்கள் குரலிலேயே பேசும்.

அதே மேசையில்தான் சீஃப் தன் அத்தையைப் பற்றியும் சொன்னார். அத்தை, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து குழித்தறியில் நெய்பவர். தெருவில் பையன்கள் கோலி ஆடுவார்கள்.

“தறிச் சத்தம் கேட்டுகினு இருக்கற வரைக்கும் எங்களுக்கு ராஜாங்கம் சார். டக்கு டடக்குன்னு சத்தம் வந்தா அத்தை குழிக்குள்ள, எங்களுக்குக் கவலையே இல்ல. சத்தம் நின்னுச்சி பாருங்க, தெரு காலி. வெளக்கமாத்த எடுத்துகினு ஏறி வந்துடும். சத்தத்துக்குப் பயப்படல சார் நாங்க. சத்தம் நின்னாத்தான் பயம்!”

எவ்வளவு அழகான பேச்சு. அப்போதே விழுங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு என் முழங்கால் கைவிட்டது. கப்பல் படிகளில் ஏற முடியவில்லை. அதே சமயத்தில் கரையில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாகக் கடலைக் கேட்கும் வசதியும் வந்தது. நான் ஆரணிக்கே வந்து, மாடி அறையில் கணினியையும் காது ஒலிப்பானையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு சுலோச்சனாவின் குழித்தறி. முதல்நாள் சோதனைக்காகக் கப்பலுக்குப் பேசியபோதே என் மைக் வழியாக அந்தச் சத்தம் போய்விட்டது. “இன்னா சார் அது, புது வகைத் திமிங்கலமா?” என்று கேட்டவர் இதே சீஃப்தான். அன்றிலிருந்து நான் அவருக்குத் ‘தறி சார்’.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

கடலில் புயல் சின்னம் ஒன்று திரண்டுகொண்டிருந்தது. அது கிட்டே வருவதற்குள் மிச்சமிருந்த ஒரே ஒரு சர்வேக் கோட்டை, கப்பல் துப்பாக்கிகளோடு நேராகப் போக வேண்டிய பாதையை, ஓட்டி முடித்துவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். அதை விட்டுவிட்டால் மறுபடி அந்த இடத்துக்கு எப்போது வருவது என்று யாருக்கும் தெரியாது. கரையிலிருந்து சீஃபுக்குப் போன்மேல் போன். ஆரணியிலும் வானம் மூடிக்கொண்டு, மத்தியானமே சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது.

தொடங்குவதற்கு முன்னால் கண்ணும் காதும் வைத்துக் காத்திருக்கும் நேரம் அது. எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, ஒழுங்கான தட்டல். டிக், டிக், டிக். எண்ணெய்த் திமிங்கலம். அது கடலின் ஆழத்தில் இரை தேடும்போது அப்படித்தான் தட்டிக்கொண்டே போகும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. தூரமாக இருந்தால் துப்பாக்கியைத் தொடங்கலாம், பக்கத்தில் இருந்தால் கூடாது. தூரத்தைக் காட்ட வேண்டிய திரை, மோசமான வானிலையில் இணைப்பு திக்கி, கடைசியாக வந்த படத்தோடு உறைந்து நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எனக்குள் முதல் பயம் வந்தது. காது ஒலிப்பானைக் கழற்றினேன். கீழே சுலோச்சனாவின் தறி. டக்கு, டடக்கு. மாட்டினேன். டிக், டிக். கழற்றினேன். மாட்டினேன். சுவர் வழியாக வருவதும் கடல் வழியாக வருவதும் வேறு வேறு தாளம் என்று காதுக்குத் தெரிகிறது, மனசு நம்பமாட்டேன் என்கிறது. சீஃபிடம் சொன்னேன்.

“திமிங்கலமா, சுலோச்சனாம்மாவா சார்? நல்லா கேட்டுச் சொல்லுங்க” என்றார். கிண்டல்தான், ஆனால் அன்று அதில் சிரிப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

“திமிங்கலம்தான் சீஃப். தூரம் சொல்ல முடியல.”

“சத்தம் லேசாத்தான வருது? அப்போ தூரம்தான்?”

“இந்த இணைப்புல எல்லாமே லேசாத்தான் வருது.”

அவர் மேல்தளத்துக்கு வயர்லெஸ்ஸில் பேசினார். அங்கே கண் வேலையில் தீபா இருந்தாள். இரண்டாவது கப்பலோ என்னவோ, உங்களைப் போலப் புதுசு. அவர்கள் இருவரும் பேசுவது சீஃபின் போன் வழியாக எனக்குக் கேட்டது.

“தீபா, கிளியரா?”

கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. “கிளியர் சார்.”

அந்தத் தாமதம் எனக்குப் பழக்கமானது. தொப்பி கட்டிய அம்மாவின் உள்ளங்கை அந்த இடத்தில்தான் வந்து மூடும். “சீஃப், பின்னாடி நாம இழுத்துகிட்டு போற கேபிள் முடியற இடத்துல மிதவை இருக்குதில்ல, அது தெரியுதான்னு கேளுங்க.”

கேட்டார். மழைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, “தெரியல சார். கொஞ்ச நேரமாவே தெரியல. மழைத் திரை மாதிரி இருக்கு.”

“அப்போ ஏம்மா கிளியர்னு சொன்ன?”

“நீங்க கிளியரான்னுதான சார் கேட்டீங்க.”

அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். அவசரத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விக்குள்ளேயே அவருக்கு வேண்டிய பதில் உட்கார்ந்திருக்கும். நாம் அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம், மரியாதைக்கு. ஆனாலும் இரண்டாவது கேள்விக்கு அவள் உள்ளதைச் சொன்னாள், சீஃப் கத்துவார் என்று தெரிந்தே சொன்னாள். அதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

“சரி, கண்ணு போச்சி” என்றார் சீஃப். “காது? சார், இப்போ இன்னா கேக்குது?”

நான் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தண்ணீருக்கடியில் கப்பலைத் தள்ளும் விசிறி உறுமுகிறது. மழை தண்ணீரில் பொரிகிறது. தட்டல் இல்லை.

“இப்போ ஒண்ணும் கேக்கல சீஃப். இப்போதான் நின்னுச்சி.”

அப்போதுதான் அவர் நான் முதலில் எழுதியதைச் சொன்னார். போயிடுச்சுன்னுதான் அர்த்தம், சத்தம் நின்னா ஆளு இல்ல என்று. சொல்லிவிட்டுப் பக்கத்தில் திரும்பி, “கன் ரெடியா?” என்றார். யாரோ “ரெடி சீஃப்” என்றார்கள்.

விதிப்படி அவர் பக்கம் தவறில்லை. பார்த்தாயிற்று, கேட்டாயிற்று, பக்கத்தில் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை, இப்போது சத்தமும் இல்லை. முதலில் சின்னத் துப்பாக்கி ஒன்றைத்தான் சுடுவார்கள், பிறகுதான் ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள், பிராணி விலகிப் போக அவகாசம் இருக்கட்டும் என்று. எல்லாம் சரி. ஆனால் என் உடம்பு முழுக்க ஏதோ ஒன்று வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் காரணம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று எங்கோ இருக்கிறது, பயத்தில் அது எந்த அலமாரியில் என்று மறந்துபோய்விட்டது. உயிர் என்றால் பதறும் வீட்டுப் பிள்ளை பேசுகிறானா, வேலை தெரிந்தவன் பேசுகிறானா? அந்தக் கேள்வி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

என் அறையில் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு எடுத்துக்கொண்டது. விளக்கு எரிந்தது, கணினி எரிந்தது. கீழே சுலோச்சனா வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது, குழியில் விளக்கு அணைந்தது. தறி நின்றது.

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றால் அந்த அமைதி காதில் அறைகிற மாதிரி இருக்கும். நான் ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். பிறகு கீழே ஏதோ நகர்ந்தது. அவர்கள் வீட்டுக் கதவு. எங்கள் வீட்டுக் கதவு. மாடிப்படியில் காலடி. ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்க, ஏறி வருகிறது.

தறி நின்றால் நெய்பவள் காணாமல் போகவில்லை. குழியிலிருந்து எழுந்து மேலே வந்துகொண்டிருக்கிறாள்.

அலமாரி திறந்துகொண்டது. எனக்குத் தெரிந்ததுதான், எத்தனையோ முறை கேட்டதுதான். எண்ணெய்த் திமிங்கலம் ஆழத்தில் இரை தேடும் வரைக்கும்தான் தட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்காக மேலே ஏறத் தொடங்கினால் வாயை மூடிக்கொண்டு ஏறும். அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. குட்டியால் தாயோடு அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. தாய் இரை தேடும்வரை குட்டி மேலேயே, பெரும்பாலும் சத்தமில்லாமல், காத்திருக்கும். தீபாவால் மிதவையையே பார்க்க முடியாத அந்த மழைக்குள் ஒரு குட்டி இருந்தால் யாருக்குத் தெரியும்? தாய் அதைத் தேடித்தான் ஏறிக்கொண்டிருக்கும். நேராகத் துப்பாக்கிகளுக்கு அடியில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

“சீஃப், ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னே மத்தியானம் போயிடுச்சி சார். பேஜார் பண்ணாதீங்க. புயலு வந்துகினு இருக்குது.”

இந்த இடத்தில் நான் திமிங்கலத்தின் பழக்கவழக்கத்தை விளக்கத் தொடங்கியிருந்தால், அவர் பாதியிலேயே கையசைத்திருப்பார். பயந்துபோன மனிதருக்குப் பாடம் ஏறாது. அவருக்குள்ளேயே இருப்பதை எடுத்துத்தான் அவருக்குக் காட்ட வேண்டும்.

“உங்க அத்தை தறி நின்னா, அத்தை எங்க சீஃப்?”

“இன்னா?”

“சத்தம் நின்னா தெரு காலின்னு சொன்னீங்களே. அத்தை ஊர விட்டுப் போயிட்டாங்கன்னா ஓடுனீங்க?”

“அதுக்கும் இதுக்கும் இன்னா சார்?”

“இதுவும் அப்படித்தான். மேல ஏறும்போது சத்தம் போடாது. நின்னது இப்போதான். இன்னும் மேல வந்திருக்காது. அது எங்க வரும்னு எனக்குத் தெரியாது சீஃப். தெரியாதுன்னு மட்டும்தான் சொல்றேன். தூரமாவும் இருக்கலாம். ஆனா உங்களுக்கும் தெரியாது. தீபாவுக்கும் தெரியாது. கொஞ்சம் பொறுங்க.”

“அத்தை…” என்றார். அவ்வளவுதான். பிறகு போனில் அவர் குரல் இல்லை.

போன் அறுந்ததா, அவர் அதைக் கீழே வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஏதோ உராயும் சத்தம். நான் காது ஒலிப்பானை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். இனி நான் பயந்தது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். அந்த ‘டொம்’ வந்தால் எல்லாம் முடிந்தது.

பிள்ளைகளே, என் வாழ்நாளில் ஒரு சத்தம் கேட்காமலிருக்க வேண்டும் என்று அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தது கிடையாது. நான் சொன்னது தவறாகிவிட்டால்? எதுவும் மேலே வராமல், கோடும் போய், புயலும் வந்து, ‘கரையில் உட்கார்ந்து தறியைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள்’ என்று என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டால்? அதுகூடப் பரவாயில்லை. அடுத்தமுறை தீபா மாதிரி ஒரு பிள்ளை தெரியல என்று சொல்லும்போது, அன்றைக்கும் இப்படித்தானே என்று அவள் வாயை அடைத்துவிடுவார்கள். நான் சொன்னது சரியாக இருந்து அவர் கேட்காமல் போனால்? அதை நினைக்கவே முடியவில்லை. இரண்டு பக்கமும் பயம், உட்கார இடம் இல்லை.

காலடி என் கதவுக்கு வந்துவிட்டது.

“ண்ணா,” என்றாள் சுலோச்சனா. தோளில் துண்டு, விரல் நுனியெல்லாம் அரக்குச் சாயம். “உங்க வூட்ல லைட்டு எரியுது. எங்க வூட்டுக்கு ஒரு ஒயர் இழுத்துக் குடுங்களேன். குழியில இருட்டு, இழை தெரில. நாளைக்கித் தறியிலேர்ந்து பொடவ அறுக்கணும்.”

நான் கையை மட்டும் தூக்கினேன். என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, “யாருக்காவது ஒடம்பு சரியில்லையாண்ணா?” என்று குரலைத் தாழ்த்தினாள். நான் தலையசைத்தேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. அவள் போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வீட்டில் மோசமான செய்திக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் அப்படியே விட்டுப் போய்விட மாட்டார்கள்.

‘டொம்’ வரவில்லை.

இன்னும் வரவில்லை. இன்வெர்ட்டர் மறுபடி கீச்சென்றது. போனில் இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. கனமான கதவு ஒன்று திறந்தது. உடனே காற்றும் மழையும் கொட்டுகிற இரைச்சல், போனை ஸ்பீக்கரில் போட்டேன், அறையே கடலாகிவிட்டது. தூரத்தில் தீபாவின் குரல், சொற்கள் புரியாமல், உச்சத்தில். யாராவது விழுந்துவிட்டார்களா என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு மூச்சு. பெரிய, ஈரமான, முழு உடம்பும் காலியாகிற மாதிரி ஒரு மூச்சு. பின்னாலேயே, அதைப் பார்த்துச் செய்கிற மாதிரி, ஒரு சின்ன மூச்சு.

சுலோச்சனா நிலைப்படியிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள். “யாருண்ணா அது, இப்பிடி மூச்சு வாங்கறது?”

நான் போனை அவள் பக்கம் தள்ளிவைத்தேன். அன்று கப்பலில் நடந்ததைத் தீபாதான் பிறகு எனக்குச் சொன்னாள். சீஃப் துப்பாக்கிகளை இயக்கும் பலகையில் இருந்தவனிடம், “கையெடு. நான் சொல்ற வரைக்கும் தொடாத” என்று சொல்லிவிட்டு, மழைக்கோட்டுகூட எடுக்காமல் படியேறி அவள் பக்கத்தில் வந்து நின்றாராம். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத வெளுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். கப்பலின் பின்பக்கம், துப்பாக்கிகள் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, முதலில் தாய் எழுந்தது. அதை ஒட்டினாற்போல் குட்டி. அவள் கத்தியிருக்கிறாள். அவர் கத்தவில்லை. சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து, கைப்பிடிக் கம்பிக்கு மேலே சாய்ந்து, எட்டுகிற மட்டும் கையை நீட்டி, அது நனைய நனைய, அந்த மூச்சின் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்.